வாடகை வீடு: எழுதினால் மட்டும் போதாது

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



வீட்டை வாடகைக்கு விடுகிறவர்கள் சட்டப்படி செய்ய வேண்டிய பதிவைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தலைப்பைக் கேட்டதும் "இது வீட்டுக்காரங்க சமாச்சாரம், நமக்கு என்ன?" என்று சிலர் நினைச்சிருப்பீங்க. நம்ம கூட்டமைப்பில் இரண்டு தரப்பும் இருக்கோம். தேதி ஒண்ணாச்சே என்று வயிற்றைப் பிசைந்துகொண்டு வாடகை எடுத்து வைக்கிறவங்க நிறைய. இன்னொரு பக்கம், கடன் வாங்கி மாடியில் ஒரு ரூம் எடுத்து, பின்பக்கம் ஷீட் போட்டு ஒரு போர்ஷன் இறக்கி, அதில் வருகிற 3,500, 4,000 ரூபாயில் பிள்ளைக்கு காலேஜ் ஃபீஸ் கட்டுகிறவங்களும் இருக்காங்க. வீட்டுக்காரர் என்றாலே தங்கச் சங்கிலி போட்ட பணக்காரர் என்று சினிமாவில் காட்டுவாங்க. நம்ம தெருவில் வீட்டுக்காரம்மாவும் குடியிருக்கிற அம்மாவும் ஒரே குழுவில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சந்தா கட்டுறாங்க. அதனால் இரண்டு பேருக்கும் சேர்த்தே பேசுகிறேன்.

முதலில் சட்டம். முன்னாடி இருந்தது 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அதை எடுத்துவிட்டு, வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகிய இருவருடைய உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்த 2017இல் தமிழ்நாடு அரசு புதுச் சட்டம் கொண்டுவந்தது. 2019 பிப்ரவரி 22ஆம் தேதியிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. பழைய சட்டத்துக்கும் புதுச் சட்டத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. பழைய சட்டத்தில், வாடகை அநியாயம் என்று தோன்றினால் நியாய வாடகை நிர்ணயிக்கச் சொல்லிக் கேட்கலாம். அதற்கு ஒரு கணக்கு இருந்தது. புதுச் சட்டத்தில் நீங்களும் அவரும் பேசி எழுதிக்கொண்டதுதான் வாடகை. வாடகையை எப்போ, எவ்வளவு உயர்த்துவது என்பதும் எழுதிக்கொண்டபடிதான். இதன் அர்த்தம் என்ன? எல்லாக் கனமும் அந்தத் தாளின் மேல் போய் உட்கார்ந்துவிட்டது. தாள் இல்லாதவருக்குப் பிடித்துக்கொள்ள ஒண்ணும் இல்லை.

அதனால்தான் சட்டத்தின் நான்காவது பிரிவு, எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் யாரும் வீட்டையோ கடையையோ வாடகைக்கு விடக் கூடாது என்று சொல்கிறது. வாயால் பேசிக்கிட்டோம், அவங்க நல்லவங்க, இருபது வருஷப் பழக்கம் என்பதெல்லாம் இதில் சேராது. பழைய குடித்தனங்களும் எழுத்து ஒப்பந்தம் போட வேண்டும் என்று கெடு கொடுத்தார்கள். அந்தக் கெடுவை ஒரு முறைக்கு மேல் நீட்டினார்கள். அடுத்த வரிதான் நம்மில் பலருக்குத் தெரியாதது. எழுதிய ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். வாடகை அதிகாரி என்பவர் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஓர் அதிகாரி. மாவட்ட ஆட்சியர் அரசின் ஒப்புதலோடு அவரை நியமிக்கிறார். பெரும்பாலும் நம்ம கோட்டாட்சியர், சார் ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கிறவர்தான். பதிவு செய்தால் ஒரு பதிவு எண் வரும். அந்த விவரத்தை இணையதளத்திலும் ஏற்றுவார்கள்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட்டுத்தான் மேலே போக முடியும். "நாங்க பதினோரு மாச அக்ரிமென்ட்தானே போட்டிருக்கோம், பதியத் தேவையில்லை" என்று எல்லோரும் சொல்றாங்க. பத்திரம் எழுதுகிறவரும் அதையேதான் சொல்வார். இந்தப் பதினோரு மாதம் எங்கேயிருந்து வந்தது தெரியுமா? 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம், ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்கிறது. அந்தச் செலவைத் தவிர்க்க ஒரு மாதம் குறைத்துப் பதினொன்று என்று எழுதும் வழக்கம் வந்தது. அது சார்பதிவாளர் ஆபீஸ் விஷயம். நான் சொல்வது வாடகை அதிகாரியிடம் செய்யும் பதிவு. இரண்டும் வேற வேற சட்டம், வேற வேற அலுவலகம். பதினோரு மாத ஒப்பந்தமாக இருந்தாலும் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். ஒரு வருஷத்துக்கு மேல் எழுதினால் இரண்டு இடத்திலும் பதிய வேண்டும். காவல் நிலையத்தில் குடியிருப்பவர் விவரம், போட்டோ கொடுக்கச் சொல்லிச் சில நகரங்களில் உத்தரவு போடுவார்களே, அது மூன்றாவது. அதைக் கொடுத்துவிட்டு வந்து "நான் பதிஞ்சுட்டேன்"னு சொல்கிறவங்களும் உண்டு. அந்தப் படிவத்துக்கும் உங்க வாடகைக்கும் சம்பந்தமே இல்லை.

பதியாவிட்டால் என்ன ஆகும்? ஜெயிலா, அபராதமா என்று கேட்பீங்க. அதைவிடச் சங்கடமான ஒன்று. பதிய வேண்டிய ஒப்பந்தத்தைப் பதியாமல் விட்டால், அந்த வீட்டைப் பொறுத்து அதற்கு விளைவு கிடையாது, அதைச் சாட்சியமாக ஏற்கவும் முடியாது என்று சட்டத்தில் தனிப் பிரிவே சேர்த்திருக்கிறார்கள். முத்திரைத்தாள் வாங்கி, டைப் அடித்து, இரண்டு சாட்சிக் கையெழுத்தும் வாங்கி, பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பீரோவில் பத்திரமாக வைத்திருப்பீங்க. சண்டை வந்த அன்றைக்கு எடுத்து நீட்டினால் "இது பதிவாகலையேம்மா" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

பதிவுக்கு விண்ணப்பிப்பது வீட்டுக்காரர் மட்டும் செய்ய வேண்டிய காரியம் இல்லை. வீட்டுக்காரரோ வாடகைதாரரோ யாராவது ஒருவர் விண்ணப்பிக்கலாம். இதை அடிக்கோடு போட்டு வைச்சுக்குங்க. அரசு இதற்கென்று தனி இணையதளமே வைத்திருக்கிறது. விண்ணப்பத்தில் இருவர் பெயர், முகவரி, வீட்டின் விவரம், குடிவந்த தேதி, வாடகை, எவ்வளவு காலத்துக்கு, மின்சாரம் தண்ணீருக்குத் தனியாக என்ன என்பதெல்லாம் கேட்பார்கள். ஒப்பந்த நகலையும் சேர்க்க வேண்டும். நம்ம வீட்டுப் பிள்ளைகள் ரீல்ஸ் பார்க்கிற நேரத்தில் பத்து நிமிஷம் கடன் கேளுங்க, உட்கார்ந்து செய்து கொடுப்பாங்க. கையெழுத்துப் போட்ட கையோடு செய்துடுங்க. பதிவுக்குக் காலக்கெடு உண்டு.

சரி, வீட்டுக்காரம்மாக்கள் ஏன் தயங்குறாங்க? நான் கேட்ட வரைக்கும் இரண்டு பயம்தான். ஒன்று வரி. மாதம் 4,000 ரூபாய் வாடகை என்றால் வருஷத்துக்கு 48,000. இந்த வருமானம் மட்டும் உள்ள ஒருவருக்கு வருமான வரி வருகிற அளவே இல்லை. இன்னும் சொல்லப்போனால் வாடகை வருமானத்தில் முப்பது சதவீதத்தைப் பராமரிப்புக்கென்று கழித்துவிட்டுத்தான் கணக்கே பார்ப்பார்கள்.

இரண்டாவது பயம்தான் பெரிசு. "பன்னிரண்டு வருஷம் குடியிருந்தா வீடு அவங்களுக்கே போயிடுமாமே, அதுக்கு நாமே எழுதி, பதிஞ்சு வேற கொடுக்கணுமா?" இதைச் சொல்லாத வீட்டுக்காரர் கிடையாது. உண்மை தலைகீழாக இருக்கிறது. பன்னிரண்டு வருஷக் கணக்கு, உரிமையாளருக்கு எதிராக, "இது என் இடம்" என்று வெளிப்படையாக அனுபவிக்கிறவரைப் பற்றியது. உங்கள் சம்மதத்தோடு வாடகை கொடுத்துக் குடியிருக்கிறவருக்கு அது பொருந்தாது. வாடகைதாரராக உள்ளே வந்தவர், குடியிருந்துகொண்டே "உனக்கு இந்த வீட்டில் உரிமை இல்லை" என்று பேச முடியாது என்று சாட்சியச் சட்டம் நூறு வருஷத்துக்கு மேலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆனால் அவர் வாடகைதாரர்தான் என்று எதை வைத்துக் காட்டுவீங்க? பதிவு எண் அந்த வேலையைச் செய்கிறது. எழுதாமல், ரசீது கொடுக்காமல், கையில் காசு வாங்கிச் சேலை முந்தியில் முடிந்துகொள்கிற அம்மாவுக்குத்தான் ஆபத்து.

ஒரு மாதிரிக் கணக்குப் பாருங்க. கணவர் இறந்துபோன ஓர் அம்மா. பின்போர்ஷனில் வரும் வாடகைதான் மருந்துச் செலவுக்கு. குடியிருப்பவர் நாலு மாசமாக வாடகை தரவில்லை, கேட்டால் சத்தம் போடுகிறார். தெருப் பெரியவர் வந்து பேசுவார், கட்சிக்காரர் வந்து பேசுவார், ஒண்ணும் நடக்காது. இந்தச் சட்டத்தில், இரண்டு மாத வாடகை பாக்கி வைத்து, நோட்டீஸ் கொடுத்தும் கட்டாவிட்டால் வீட்டைத் திரும்பக் கேட்க அது ஒரு காரணம். ஒப்பந்தம் முடிந்த பிறகும் காலி செய்யாமல் இருந்தால் அந்தக் காலத்துக்கு மாத வாடகையைப் போல இரண்டு மடங்கு கேட்கலாம். இந்த மாதிரி வழக்குக்கு வாடகை நீதிமன்றம், அதற்கு மேலே தீர்ப்பாயம் என்று தனி வழியே போட்டிருக்கிறார்கள். ஆனால் அந்த வாசலுக்குப் போகும்போது கையில் பதிந்த ஒப்பந்தம் இருக்க வேண்டும். அது இல்லாததால்தான் பலர் பூட்டை மாற்றுவது, தண்ணீர் மோட்டாரை நிறுத்துவது, ஃபியூஸைப் பிடுங்குவது என்று இறங்குறாங்க. அது குற்றமாகி, நியாயம் இருக்கிற அம்மாவே பதில் சொல்ல வேண்டிய நிலை வந்துவிடுகிறது.

ஆமாம், கரண்டையும் தண்ணீரையும் நிறுத்த யாருக்கும் உரிமை இல்லை. வாடகை பாக்கி இருந்தாலும் இல்லை. அத்தியாவசிய வசதிகளைத் தடுத்தால் வாடகைதாரர் வாடகை அதிகாரியிடம் போகலாம், அவர் உடனடியாக இடைக்கால உத்தரவு போடலாம்.

இனி குடியிருக்கிறவங்க பக்கம் வருகிறேன். அட்வான்ஸ். மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது என்பார்கள். பாதி உண்மை. "வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தால் தவிர" என்று ஒரு வாசகம் கூடவே இருக்கிறது. நீங்கள் பத்து மாத அட்வான்ஸுக்குக் கையெழுத்துப் போட்டால் அது உங்கள் சம்மதம். எனக்கு இந்த வாசகம் பிடிக்கவில்லை, நம்ம பக்கம் யாருக்குப் பேரம் பேசத் தெம்பு இருக்கிறது? ஆனாலும் பேசும்போது "சட்டம் மூணு மாசம்னுதான் சொல்லுது" என்று ஒரு வார்த்தை போட்டுப் பாருங்க, சில இடத்தில் குறையும். காலி செய்தால் ஒரு மாதத்துக்குள், பாக்கி ஏதாவது இருந்தால் கழித்துக்கொண்டு, அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். "அடுத்த குடித்தனம் வந்ததும் தர்றேன்" என்பதற்கு இந்தச் சட்டத்தில் இடம் இல்லை.

பெயிண்ட் காசு தெரியுமில்லையா? காலி செய்யும்போது ஒரு மாத வாடகையைச் சுண்ணாம்பு அடிக்கப் பிடித்துக்கொள்வார்கள். சட்டத்தோடு இணைத்த அட்டவணையில் சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்கு வர்ணம் பூசுவதும் வீட்டுக்காரர் பொறுப்பில்தான் இருக்கிறது. கட்டட ரிப்பேர், குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் அவருடையது. குழாய்க்கு வாஷர் போடுவது, அடைப்பு எடுப்பது, சுவிட்ச், தாழ்ப்பாள், உடைந்த கண்ணாடி இதெல்லாம் குடியிருப்பவருடையது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் எழுதியபடிதான். ஆகவே கையெழுத்துப் போடும் முன் அந்த ஒரு வரியைத் தேடிப் படியுங்க. படிக்கத் தெரியாதவங்க குழுவில் படித்த பொண்ணிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்க. இரண்டு அசல் எழுதி ஒன்றை உங்களுக்குத் தர வேண்டும். ஜெராக்ஸ் தருகிறேன் என்றால் ஒத்துக்காதீங்க. வாடகைக்கு ரசீதும் உண்டு. கூச்சப்படாமல் கேளுங்க, ஜிபேயில் அனுப்பினாலும் கேளுங்க. வேண்டுமென்றே வாடகையை வாங்க மறுத்து, பிறகு பாக்கி என்று காட்டுகிற ஆளும் இருக்கிறார். அப்படி மறுத்தால் வேறு வழியில் அனுப்பிப் பார்த்துவிட்டு, வாடகை அதிகாரியிடமே கட்டலாம்.

மின்சாரத்தில் சட்டத்தைவிட நடைமுறை முக்கியம். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் அரசு இலவசமாகத் தருகிறது. ஒரே மீட்டரில் மூன்று போர்ஷன் ஓடினால் அந்த 100 யூனிட் யாருக்கு? பெரும்பாலும் வீட்டுக்காரர் கணக்கில் போய்விடும், குடியிருக்கிறவங்க முதல் யூனிட்டிலிருந்தே பத்து ரூபாய் கொடுப்பாங்க. யூனிட்டுக்கு எவ்வளவு என்பதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்க. விண்ணப்பப் படிவத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது.

இன்னொன்று, நம்மவங்க யாரும் யோசிக்காதது. ஒப்பந்தம் யார் பேரில்? குழுக் கடன் வாங்கி அட்வான்ஸ் கொடுப்பது நீங்கள். மாதம் வாடகை கட்டுவது நீங்கள். ஒப்பந்தத்தில் வாடகைதாரர் பெயர் மட்டும் கணவருடையது. அவர் சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டால், அட்வான்ஸை அவர் வாங்கிக்கொண்டு போகலாம். உங்க பேரிலோ இரண்டு பேர் பேரிலோ எழுதுங்க. வாடகை வீடாக இருந்தாலும் அது சேர்ந்து வாழ்ந்த வீடு, அதிலிருந்து பெண்ணைத் துரத்தக் கூடாது என்று 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் சொல்கிறது. கோர்ட் மாற்று வீடு ஏற்பாடு செய்யவோ அதற்கு வாடகை கொடுக்கவோ கணவருக்கு உத்தரவு போடலாம். அதெல்லாம் உண்டு. ஆனால் அதற்கு அலைய வேண்டும். பெயர் இருந்தால் அந்த அலைச்சல் பாதி குறையும்.

இப்போது நான் சொல்ல வந்ததில் மிகவும் கனமான இடத்துக்கு வருகிறேன். ஒத்தி. சில ஊரில் போக்கியம் என்பார்கள், சென்னைப் பக்கம் லீஸ் என்பார்கள். இரண்டு லட்சமோ மூன்று லட்சமோ மொத்தமாகக் கொடுத்துவிட்டு, மாத வாடகை இல்லாமல் இரண்டு மூன்று வருஷம் குடியிருப்பது, கடைசியில் பணத்தை அப்படியே திருப்பி வாங்குவது. வாடகை மிச்சம் என்று நம்மவங்களுக்கு இதில் பெரிய ஆசை. நகையை அடகு வைத்து, குழுவில் உள்கடன் எடுத்து, அண்ணன் கையில் கொஞ்சம் வாங்கி அந்தப் பணத்தைத் திரட்டுவாங்க. ஓர் ஏழைக் குடும்பத்தின் ஆயுள் சேமிப்பு முழுக்க ஒரே தாளில் போய் உட்காரும். அந்தத் தாள் பெரும்பாலும் பதியாத முத்திரைத்தாள்.

பணத்துக்கு ஈடாக வீட்டைக் கொடுத்து, வட்டிக்குப் பதில் குடியிருந்துகொள் என்று எழுதினால் அது சட்டத்தின் கண்ணில் அனுபவ அடமானம். 100 ரூபாயும் அதற்கு மேலும் ஆன அடமானம் என்றால், பத்திரங்களை வங்கியில் வைத்து வாங்கும் கடனைத் தவிர, அது பதிந்த பத்திரமாகத்தான் இருக்க வேண்டும், இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 59ஆவது பிரிவு சொல்கிறது. இது வாடகை அதிகாரி இல்லை, சார்பதிவாளர் அலுவலகம். நூறு ரூபாய்க்கே பதிவு கேட்கிற சட்டத்தில் நாம் மூன்று லட்சத்தைப் பதியாமல் கொடுக்கிறோம். ஏன்? தொகைக்கு ஏற்ப முத்திரைக் கட்டணம், பதிவுக் கட்டணம் ஆகும், அதை யார் கட்டுவது என்று இரண்டு பேரும் பின்வாங்குவாங்க. வீட்டுக்காரருக்குப் பத்திரத்தில் வில்லங்கம் ஏறுவது பிடிக்காது.

பதியாமல் கொடுத்தால் நடப்பது இதுதான். வீட்டுக்காரர் வீட்டை வேறொருவருக்கு விற்கிறார். வாங்குகிறவர் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறார், உங்கள் ஒத்தி அதில் தெரியாது. அல்லது வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருக்கிறது, வீட்டுக்காரர் தவணை கட்டவில்லை, ஒரு நாள் கதவில் வங்கியின் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. நீங்கள் ஓடிப்போய் உங்கள் தாளைக் காட்டுவீங்க. அதை வைத்துப் பணம் கொடுத்தேன் என்று வீட்டுக்காரர் மேல் வழக்குப் போடலாம், அதற்கும் பொதுவாக மூன்று வருஷக் கெடு இருக்கிறது. ஆனால் வீட்டின் மேல் உங்களுக்குப் பிடி கிடையாது. கடனில் மூழ்கிய ஆள் மேல் தீர்ப்பு வாங்கி என்ன செய்வது? நகையும் போய், வீடும் போய், குழுக்கடன் தவணை மட்டும் மாதா மாதம் நிற்கும்.

ஒத்திக்குப் போகிறவங்க பணம் கொடுப்பதற்கு முன்னாடி பதிவுத்துறை இணையதளத்தில் அந்த வீட்டின் வில்லங்கத்தைப் பாருங்க. சர்வே எண்ணோ பத்திர எண்ணோ இருந்தால் போதும். பிறகு மூலப் பத்திரத்தை, ஜெராக்ஸ் இல்லை, அசலைக் கண்ணால் பாருங்க. "லாக்கர்ல இருக்கு, அண்ணன் வீட்ல இருக்கு" என்றால் அது எந்த வங்கியில் இருக்கிறது என்றுதான் அர்த்தம். வீடு அவர் பேரில்தானா, இல்லை செத்துப்போன அப்பா பேரில் இருந்து நாலு வாரிசு இருக்காங்களா என்று பாருங்க. பணத்தை வங்கி வழியாகக் கொடுங்க. பதிவுச் செலவைப் பாதிப் பாதி போட்டுக்கலாம் என்று நீங்களே முதலில் சொல்லுங்க. அப்படியும் பதிய மாட்டேன் என்கிற வீட்டுக்கு மூன்று லட்சம் கொடுக்காதீங்க. வாடகைக்கே இருங்க.

ஹாஸ்டல் வைத்திருக்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை. வேலைக்குப் போகும் பெண்களுக்கும் படிக்கும் பிள்ளைகளுக்கும் நாலைந்து கட்டில் போட்டுச் சாப்பாட்டோடு இடம் கொடுக்கிற தோழிகள் நம்மிடையே இருக்காங்க. நல்ல தொழில். ஆனால் அது சாதாரண வாடகை இல்லை. பெண்கள், குழந்தைகளுக்கான விடுதிகளையும் இல்லங்களையும் முறைப்படுத்த 2014இல் தனிச் சட்டம் வந்திருக்கிறது, மாவட்ட ஆட்சியரிடம் பதிந்து உரிமம் வாங்க வேண்டும். கட்டடம், தீயணைப்பு, சுகாதாரம் என்று சான்றுகள் கேட்பார்கள். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் போய்க் கேளுங்க. உரிமம் இல்லாமல் நடத்துவது தண்டனைக்குரியது.

அரசுக் குடியிருப்பு, வேலை செய்யும் நிறுவனம் ஊழியருக்குக் கொடுத்த குவார்ட்டர்ஸ் போன்றவை நான் சொன்ன வாடகைச் சட்டத்துக்குள் வராது. அவங்க இதைக் கேட்டுக் குழம்ப வேண்டாம்.

கூட்டமைப்புக்கு ஒரு கோரிக்கை வைக்கிறேன். இந்தக் காகித வேலைக்கு நாம் பயப்படத் தேவையில்லாதவங்க. 1989இல் தர்மபுரியில் சுய உதவிக்குழுக்கள் தொடங்கிய காலத்திலிருந்து நாம் செய்கிற வேலையே அதுதான். ஐம்பது ரூபாய் சந்தாவுக்கு ரொக்கப் புத்தகத்தில் வரவு, பேரேட்டில் வரவு, தனிநபர் பாஸ்புக்கில் வரவு என்று மூன்று இடத்தில் எழுதுகிறோம். ஐயாயிரம் உள்கடனுக்குத் தீர்மானம் போட்டுப் பன்னிரண்டு பேர் கையெழுத்து வாங்குகிறோம். அதே உறுப்பினர் அந்தப் பணத்தை எடுத்துப்போய் எதுவும் எழுதாமல் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு வருகிறார். இனிமேல் வீட்டு அட்வான்ஸுக்கோ ஒத்திக்கோ கடன் கேட்டு வரும் உறுப்பினரிடம், ஒப்பந்த நகல் எங்கே, வாடகை என்றால் பதிவு எண் என்ன, ஒத்தி என்றால் வில்லங்கம் பார்த்தாயா என்று குழு கேட்க வேண்டும். கடனை மறுப்பதற்காகச் சொல்லவில்லை. அந்தக் கேள்வியைப் பொண்ணு தனியாகக் கேட்டால் வீட்டுக்காரர் "நம்பிக்கை இல்லையா?" என்பார். "எங்க குழுவில் இது இல்லாம கடன் தர மாட்டாங்க சார்" என்றால் பேச்சு முடிந்தது. அதே மாதிரி போர்ஷன் கட்டக் கடன் வாங்கும் தோழியும், முதல் குடித்தனம் வந்ததும் பதிவு எண்ணைக் கொண்டுவந்து காட்டட்டும். வீட்டுக்காரம்மாவுக்கும் அது காப்புதான்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று யாரும் உட்கார்ந்துவிடாதீங்க. பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. கோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் குழு அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். வாடகைப் பிரச்சினையோடு வீட்டில் அடி உதையும் இருக்கிறவங்க 181க்குப் போடுங்க.

மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் நான் இங்கேதான் இருப்பேன். பையில் ஒப்பந்தத் தாள் வைத்திருக்கிறவங்க எடுத்து வாங்க, உட்கார்ந்து வரி வரியாகப் படிப்போம். இல்லாதவங்க வீட்டுக்குப் போய்ப் பீரோவைத் திறந்து, தாளில் என்ன தேதி, யார் பெயர் என்று பார்த்துவிட்டு, அடுத்த மாதக் கூட்டத்துக்கு எடுத்து வாங்க.